பழமை மாறாமல் விரிசல் விட்ட ஓர் அச்சு

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் பதினொரு நாள்கள் இருந்த ஒரு காலையில், தாராபுரத்துக்கு அருகே ஓர் ஊர் அறக்கட்டளையினர் வைத்திருக்கும் பழைய ராட்டினத்தூரியைப் பார்வையிட்டு உறுதிச் சான்று தருவதற்காகக் கோவையிலிருந்து சென்றிருந்தேன். எட்டுத் தொட்டில்கள், தேக்குக் கைகள், நடுவில் ஓர் இரும்பு அச்சு, இருபுறமும் ஆள் நின்று கையால் தள்ளிச் சுற்றும் அமைப்பு. இப்படியொன்று இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டால் என் தொழிலில் இருப்பவனுக்கு மகிழ்ச்சிதான் வர வேண்டும். அச்சின் தோள்பட்டையில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியான குடம் வந்து உட்காரும் இடத்தில், பச்சை, சிவப்பு, மறுபடியும் பச்சை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்த பெயின்ட்டைச் சுரண்டியெடுத்து, சிவப்புச் சாயத்தைப் பூசி, ஊற விட்டுத் துடைத்து, விரிசலுக்குள் புகுந்த சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரைத் தெளித்தேன். சில நிமிடங்களில் அந்த வெள்ளையின் நடுவே மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு எழுந்து, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு தூரம் ஓடி நின்றது.

அச்சை மாற்றியாக வேண்டும் என்றேன். அறக்கட்டளைப் பெரியவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மிகவும் மரியாதையாகவே சொன்னார்: "ஏனுங்க தம்பி, இது பாரம்பரியச் சின்னமுங்க. ஒரு ஆணியக்கூட மாத்தப்படாதுன்னு சொல்லியிருக்காங்க. அதுவுமில்லாம இது எங்கப்பாரு காலத்து இரும்புங்க, இப்ப வர்ற இரும்பாட்டம் நெனச்சுப்போடாதீங்க." (கொங்கு வழக்கில் அப்பாரு என்றால் தாத்தா.) மாற்றக் கூடாதென்று யார் சொன்னது என்று கேட்டதற்கு விடை வரவில்லை. இதே வாதத்தைக் கேட்டு நான் கையெழுத்திட மறுத்த ராட்டினம் இந்த ஆண்டில் இது மூன்றாவது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவதாக, அந்த ராட்டினத்தை எந்தச் சட்டமும் பாதுகாக்கவில்லை. தொல்சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத கட்டுமானங்களையும் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பற்றிப் பேசுகிறது. நம் மாநிலத்துக்கென்று 2012-ஆம் ஆண்டில் பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்தது. இந்த ராட்டினத்துக்கு, ஊரார் கணக்குப்படியே, எழுபது வயது நிறையவில்லை. எந்தப் பட்டியலிலும் அதன் பெயர் இல்லை. ஆனாலும் "மாற்றக் கூடாது" என்ற தடை மட்டும் எங்கிருந்தோ வந்து அச்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சரி, பட்டியலில் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த வாதம் நிற்காது என்பதைத்தான் நான் ஒவ்வோர் ஊரிலும் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உலகில் கேளிக்கைச் சவாரிகளுக்கு உண்மையாகவே சட்டப் பாதுகாப்பு உள்ள இடங்களில் என்ன நடக்கிறதென்று பாருங்கள். நியூயார்க்கின் கோனி தீவில் 1927-இல் கட்டப்பட்ட சைக்ளோன் என்னும் மரத்தடச் சவாரி (மேடுபள்ளமான மரத் தடத்தில் வண்டி ஏறி இறங்கி ஓடும் ரோலர் கோஸ்டர்) 1988-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. அது இன்றும் ஓடுகிறதென்றால் அதற்குக் காரணம், பழுதான மரத்தை ஆண்டுதோறும் கழற்றிப் புது மரம் பூட்டுவதுதான். மரத்தடச் சவாரி எதுவாயினும் அதன் தடத்தைக் காலை நேரத்தில் ஆள் நடந்தே பார்த்து, தளர்ந்த போல்ட்டை முடுக்கி, உளுத்த பலகையைக் குறித்து வைப்பது அன்றாட வேலை. அங்கே பாதுகாக்கப்படுவது அதன் வடிவமும், அது ஓடும் விதமும், அதைக் கட்டிய முறையும். ஒவ்வொரு பலகையையும் அது உளுத்து விழும் வரை வைத்திருப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயரில்லை.

இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரைப் பூங்காவில் உள்ள சீனிக் ரெயில்வே என்னும் மரத்தடச் சவாரி 1920-இல் திறக்கப்பட்டது. 2002-இல் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. 2008-இல் தீ அதன் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. இருந்தும் 2011-இல் பட்டியலில் அதன் தரம் குறைக்கப்படவில்லை, உயர்த்தப்பட்டது. எரிந்த இடங்களில் புது மரமிட்டு, புது வண்டிகள் செய்து, 2015-இல் மறுபடியும் ஓட விட்டார்கள். இடையில் நடந்த ஒன்றை நம் அறக்கட்டளைக்காரர்கள் கவனிக்க வேண்டும்: பூங்காவை மீட்டெடுப்பதற்காக உள்ளாட்சி மன்றம் கட்டாயக் கொள்முதல் செய்து 2013-இல் அதைத் தன் வசமாக்கிக்கொண்டது. பட்டியலில் உள்ள கட்டுமானத்தைப் பழுது பார்க்காமல் போட்டு வைக்கும் உரிமையாளருக்குப் பழுது பார்க்கச் சொல்லி அறிவிப்புக் கொடுக்கவும், அவர் கேளாவிட்டால் அதைக் கையகப்படுத்தவும் அந்நாட்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. மாறாக, போன பலகைக்கு அதே வகை மரத்தில், அதே அளவில், அதே இணைப்பில் இன்னொன்றைப் பூட்டுவதற்குப் பொதுவாக அங்கே தனி அனுமதிகூட வேண்டியதில்லை. தோற்றத்தையோ தன்மையையோ மாற்றும் வேலைக்குத்தான் அனுமதி. ஆகவே, பாரம்பரியப் பாதுகாப்பு பராமரிப்பைத் தடுக்கிறது என்று நினைப்பவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

இவ்வளவு தொலைவுக்குப் போக மனமில்லையென்றால் மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்துக்குப் போய் நில்லுங்கள். நீலகிரி மலை ரயில் 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதன் பழைய சுவிட்சர்லாந்து நீராவி எஞ்சின்கள் தேய்ந்தபோது திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே பல்சக்கர அமைப்பில் புது எஞ்சின்கள் செய்து ஓட விட்டார்கள். யுனெஸ்கோ ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஆழித்தேர் இன்றும் ஆழித்தேர்தான். தேரோட்டத்துக்கு முன்பு முட்டுக்கட்டை போடுபவர்களின் அனுபவத்தையும் அச்சின் நிலையையும் விசாரிக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள், அதே கோயில் திடலில் பிள்ளைகள் ஏறும் ராட்டினத்தின் அச்சை மட்டும் ஏன் கும்பிட்டு விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

அந்தத் தாராபுரத்து அச்சுக்குத் திரும்புகிறேன். பெரியவரிடம் அதன் கதையை மெல்லக் கேட்டபோது தெரிந்தது: முதல் அச்சு மரத்தாலானது, அது போன பிறகு, மூடிப்போன ஒரு பஞ்சாலையின் லைன் ஷாஃப்ட்டை, அதாவது எந்திரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் நீள இரும்புத் தண்டை, எடைக்கு வாங்கி வந்து, அவருடைய அப்பாருதான் பட்டறையில் கடைந்து பூட்டியிருக்கிறார். ஆக, ஆணியைக்கூட மாற்றக் கூடாத அந்தப் பாரம்பரிய அச்சு, ஏற்கெனவே வேறொரு வேலையில் பல்லாண்டு சுழன்று களைத்த ஒரு மாற்று உதிரி. அப்பாரு செய்த புத்திசாலித்தனமான வேலையைப் பேரன் செய்யக் கூடாதென்று எந்தச் சாத்திரம் சொல்கிறது? (அந்தக் காலத்து இரும்பு உயர்ந்தது என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். இரும்புக்கு ஞாபகம் உண்டு. எத்தனை சுற்றுச் சுற்றினோம் என்பதை அது மறப்பதில்லை.)

என் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அச்சை மாற்றக் கூடாதென்று சொல்லும் அதே ஊர்களில், கையால் தள்ளிய ராட்டினத்துக்குச் சென்ற ஆண்டு மோட்டாரும் பெல்ட்டும் வந்திருக்கும். இரண்டு குழந்தைகள் உட்காரச் செய்த தொட்டிலில் பலகையை நீட்டி நான்கு பெரியவர்களை ஏற்றியிருப்பார்கள். மரக் கைகளில் துளையிட்டு எல்இடி பட்டைகளைச் சுற்றியிருப்பார்கள். தச்சரின் செதுக்கு வேலைமீது தகரம் அடித்து விளம்பரம் எழுதியிருப்பார்கள். வடிவத்தையும் ஓட்டத்தையும் பாரத்தையும் இப்படி மாற்றியபோது வராத பாரம்பரியக் கவலை, விரிசல் விட்ட அச்சைக் கழற்று என்றால் மட்டும் வந்துவிடுகிறது. கையால் தள்ளும்போது ஆளின் களைப்பே வேகத்துக்கு வரம்பாக இருந்தது. மோட்டாருக்குக் களைப்புக் கிடையாது. எதை மாற்றினார்களோ அதுதான் காக்க வேண்டியது. எதைக் காத்தார்களோ அதுதான் மாற்ற வேண்டியது.

பழைய அமைப்பை மாற்றாமல் வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கேற்பப் பாரத்தையும் வேகத்தையும் நாம்தான் குறைத்துக்கொள்ள வேண்டும். பென்சில்வேனியாவில் 1902-இல் கட்டிய லீப் தி டிப்ஸ் என்னும் சவாரியில், வண்டி தடத்தை விட்டு எழும்பாமல் பிடிக்கும் கீழ்ச்சக்கரங்கள் கிடையாது. அவை பின்னால் வந்தவை. 1985-இல் நின்றுபோன அதனைப் புதுப்பித்து 1999-இல் மீண்டும் ஓட விட்டபோது அந்தப் பழைய அமைப்பையே வைத்திருந்தார்கள். அது தாழ்வான, மிதமான வேகமுள்ள சவாரி என்பதால் அது முடிந்தது. மெல்பர்னில் 1912 முதல் ஓடும் சவாரியில் பிரேக் பிடிப்பவர் இன்றும் வண்டியிலேயே நின்று பயணிக்கிறார். நம் நீலகிரி மலை ரயிலிலும் அப்படித்தான். வியன்னாவில் 1897-இல் எழுந்த ராட்சத ராட்டினம் முப்பது கூண்டுகளோடு சுழன்றது. 1944-இல் போரில் எரிந்து, 1947-இல் திரும்ப ஓடத் தொடங்கியபோது பதினைந்து கூண்டுகளை மட்டுமே மாட்டினார்கள், இன்றும் பதினைந்துதான். யாரும் அதைப் பாதி ராட்டினம் என்று சொல்வதில்லை.

இனி, நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, ராட்டினம் வைக்கும் ஊர்க்காரர்களுக்குச் சில சொற்கள். பெயின்ட் அடிப்பதைப் பராமரிப்பு என்று கணக்கு எழுதாதீர்கள். ஆய்வுக்கு முன்பு தயவுசெய்து அடிக்கவே அடிக்காதீர்கள், விரிசலை மறைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. வார்ப்பிரும்புக் குடத்தில் வெடிப்புக் கண்டால் தெருமுனை வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒட்டு நிற்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் உடையும். அச்சைச் சுற்றியிருக்கும் வெண்கல உறையான கன்மெட்டல் புஷ் தேய்ந்திருந்தால் கிரீஸை அள்ளி அடைப்பதால் தேய்மானம் நிரம்பாது. போல்ட்டின் தலையில் அதன் வலிமைத் தரத்தைக் காட்டும் 8.8 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து, அளவெடுத்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதியோடு எழுதி வையுங்கள்; மாற்றிய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாமல் சீட்டுக் கட்டிப் பத்திரப்படுத்துங்கள். பாரம்பரியம் என்று பேசுவதற்கு அந்த நோட்டைவிட நல்ல ஆதாரம் கிடையாது; நான் பார்த்த மூன்று ஊர்களில் ஒன்றில்கூட அது இல்லை. மழை பெய்து நின்ற திடலில் ராட்டினத்தின் கால்களுக்கு அடியில் பலகை போடாமல் ஒரு சுற்றுக்கூடச் சுற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆடிப் பதினெட்டுக்குத் தாராபுரத்து ராட்டினம் சுற்றவில்லை. தொட்டில்களைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, புளியமரத்தில் கயிற்றுத் தூரி போட்டுக்கொடுத்தார்கள். பெரியவருக்கு என்மேல் வருத்தம்தான். ஆனால் பத்து நாள் கழித்து அவரே அச்சின் அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கோவை கணபதியில் உள்ள லேத் பட்டறைக்கு வந்திருந்தார். புது அச்சு, இஎன்8 என்னும் நடுத்தரக் கார்பன் எஃகில் கடையப்படுகிறது. கூரான மூலையில்தான் விரிசல் தொடங்கும் என்பதால், தோள்பட்டையில் செங்குத்தாக வெட்டாமல் வளைவு விட்டுக் கடையச் சொல்லியிருக்கிறேன். முதல் ஆண்டு நான்கு தொட்டில்கள்தான், தொட்டிலுக்கு இரண்டு குழந்தைகள்தான் என்பதற்கும் அவர் ஒப்புக்கொண்டார். அப்பாருவின் பெயரை அச்சில் பொறிக்கலாமா என்று கேட்டார். தாராளமாகப் பொறிக்கலாம், பெயரோடு ஆண்டையும் பொறியுங்கள், ஆனால் அச்சின் முனையில் மட்டும். தோள்பட்டையில் உளி பட்டால் நான் மறுபடியும் கையெழுத்திட மாட்டேன் என்றேன்.