கதவுப் பூட்டில் ஓட்டை, நிற்காத இன்ஜின்

சாவியை அணைத்து வெளியே எடுத்தாயிற்று. ஆனாலும் இன்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய மெர்சிடிஸ் டபிள்யூ123 டீசல் கார்களோடு பழகிய மெக்கானிக்குகள் இதைக் கேட்டதும் சந்தேகப்படுகிற இடங்களில் ஒன்று, கதவுப் பூட்டு!

1976-ல் அறிமுகமாகி, பத்தாண்டுகளில் பெட்ரோல், டீசல் எல்லாம் சேர்த்து சுமார் 27 லட்சம் வண்டிகள் தயாரான குடும்பம் இது. ஜெர்மனியின் டாக்சி நிறுத்தங்களில் வரிசையாக நின்றவை. அதில் 300டி என்ற ஐந்து சிலிண்டர் வண்டியை எடுத்துக்கொள்வோம்.

பெட்ரோல் இன்ஜினை நிறுத்துவது எளிது. மின்சாரத்தை வெட்டினால் தீப்பொறி போய்விடும், இன்ஜின் நின்றுவிடும். டீசலில் தீப்பொறியே கிடையாது. இந்த இன்ஜின் காற்றை 21-ல் ஒரு பங்காக அமுக்குகிறது; அந்தச் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால் டீசல் வருவதை அடைத்தால்தான் இன்ஜின் நிற்கும்.

அடைக்கும் வேலையை மெர்சிடிஸ் பொறியாளர்கள் வாக்யூமிடம் கொடுத்தார்கள். ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறோமே, அதே விசைதான். இன்ஜினின் முன்பக்கத்தில் ஒரு பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாவியை அணைத்ததும் ஒரு வால்வு திறந்து, அந்த உறிஞ்சல் டீசல் பம்புக்குப் போகும். அங்கே ஒரு ரப்பர் சவ்வு இழுபட்டு டீசலை நிறுத்தும்.

இதே வாக்யூம்தான் பிரேக்கை மிதிக்கவும் துணை செய்கிறது. சென்ட்ரல் லாக்கிங் பொருத்திய வண்டிகளில் கதவுகளையும் பூட்டித் திறக்கிறது. இன்ஜின் ஓடாதபோதும் கதவைப் பூட்ட வேண்டுமே? அதற்காகவே காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு டப்பாவை டிக்கிப் பக்கம் வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் கதவைத் தவிர மற்ற ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு ரப்பர் சவ்வு. பூட்டுவதற்கு ஒரு குழாய், திறப்பதற்கு ஒன்று.

ரப்பருக்கு வயதாகும். பின்கதவில் ஒரு சவ்வு கிழிந்தால் போதும், அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து உறிஞ்சல் பலவீனமாகிவிடும். டீசல் பம்பின் சவ்வை இழுக்கத் தெம்பு இருக்காது. வேடிக்கை என்னவென்றால், ஓட்டை திறக்கும் குழாயின் பக்கம் இருந்தால், கதவுகள் பூட்டியிருக்கும்போது இன்ஜின் ஒழுங்காக நிற்கும், திறந்திருக்கும்போது அடம்பிடிக்கும்.

டீசல் பம்பின் சவ்வே கிழிந்தால் இன்னும் மோசம். இன்ஜின் ஆயில் மெல்லிய குழாய் வழியே உறிஞ்சப்பட்டு மற்ற இடங்களுக்கும் பரவி, அங்குள்ள ரப்பரையும் கெடுத்துவிடும்.

இதைப் பிழையான வடிவமைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு பல டீசல் வண்டிகளில் மின்சாரம் இருக்கும்வரைதான் டீசல் வழி திறந்திருக்கும். ஒரு கம்பி அறுந்தால் நடுச்சாலையில் இன்ஜின் நின்றுவிடும். இங்கே ஏற்பாடு நேர்மாறு. நிறுத்துவதற்குத்தான் விசை வேண்டும். அது இல்லாமல் போனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். டாக்சி ஓட்டுபவர் சவாரியைப் பாதியில் விடவேண்டியதில்லை.

சரி, வீடு வந்து சேர்ந்த பிறகு எப்படி நிறுத்துவது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பானட்டைத் திறந்தால் இன்ஜின் மேல் 'ஸ்டாப்' என்று எழுதிய சிறு நெம்புகோல் இருக்கும். இன்ஜின் அடங்கும்வரை அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.