துளையில்லாத சவ்வின் வழியே ஆக்சிஜன்

காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜனும் 78 விழுக்காடு நைட்ரஜனும் உள்ளன. இவற்றைச் சல்லடையால் சலித்துவிடலாம் என்று எண்ணினால் மூலக்கூறுகளின் அளவே குறுக்கே நிற்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறின் விட்டம் சுமார் 0.346 நானோமீட்டர், நைட்ரஜனுக்கோ 0.364. ஒன்றைவிடும் துளை பெரும்பாலும் மற்றதையும் விட்டுவிடும். பெரிய ஆலைகள் இன்றும் காற்றைத் திரவமாகும் வரை குளிர்வித்து, −183 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் ஆக்சிஜனையும் −196 டிகிரியில் கொதிக்கும் நைட்ரஜனையும் காய்ச்சி வடித்தே பிரிக்கின்றன.

இதற்கு மாற்றுவழி, ஆக்சிஜனை மட்டும் கடத்தும் செராமிக் சவ்வு. அது பெரும்பாலும் 800 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் வேலை செய்கிறது. அதில் துளை என்பதே இருக்கக் கூடாது. மயிரிழை விரிசல் விழுந்தாலும் நைட்ரஜன் கசிந்துவிடும். அப்படி இறுகிய திண்மத்தின் ஊடே ஆக்சிஜன் எப்படிக் கடக்கிறது? அது வாயுவாகக் கடப்பதில்லை. திண்மத்தின் பகுதியாகவே மாறிக் கடக்கிறது. இத்துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுவே.

இதற்கு ஏற்றவை பெரோவ்ஸ்கைட் என்னும் படிக அமைப்புடைய ஆக்சைடுகள். லாந்தனமும் கோபால்ட்டும் சேர்ந்த படிகத்தில், மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட லாந்தனத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, இரண்டே கொண்ட ஸ்ட்ரான்சியத்தை வைத்தால், மின்னூட்டக் கணக்கு இடிக்கிறது. அதை நேர்செய்யப் படிகம் தன் ஆக்சிஜன் இடங்களில் சிலவற்றைக் காலியாக விடுகிறது. பந்தியில் ஓர் இலை காலியானால் பக்கத்தில் இருப்பவர் அங்கே நகர, அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் நகர்வதைப் போல, சூட்டில் அதிரும் ஆக்சிஜன் அயனிகள் காலியிடம்விட்டுக் காலியிடம் தாவுகின்றன. காற்றுப் பக்க மேற்பரப்பில் ஒரு மூலக்கூறு பிளந்து, நான்கு எலக்ட்ரான்களைப் பெற்று, இரண்டு அயனிகளாகப் படிகத்துக்குள் நுழைகிறது. மறுபக்கம் அந்த நான்கையும் கொடுத்துவிட்டு மீண்டும் மூலக்கூறாக வெளியேறுகிறது. நைட்ரஜனுக்கு இந்தப் படிகத்தில் இடமே இல்லை.

கொடுத்த எலக்ட்ரான்கள் காற்றுப் பக்கத்துக்குத் திரும்பியாக வேண்டும். சிர்கோனியா என்னும் சிர்கோனியம் ஆக்சைடு செராமிக் அயனிகளை மட்டுமே கடத்துவதால் அதற்கு வெளியே மின்சுற்று தேவை. செவ்வாயில் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த, ஆக்சிஜன் தயாரிக்கும் மாக்ஸி கருவி அவ்வாறே மின்சாரம் செலுத்தி, கார்பன் டை ஆக்சைடிலிருந்து 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் ஆக்சிஜனை எடுத்தது. அயனியையும் எலக்ட்ரானையும் ஒருசேரக் கடத்தும் பொருளுக்குக் கம்பியே தேவையில்லை. ஸ்ட்ரான்சியம், இரும்பு கலந்த லாந்தனம் கோபால்ட் ஆக்சைடுகளின் வழியே ஆக்சிஜன் இவ்வாறு ஊடுருவுவதை ஜப்பானில் தெராவோக்கா குழுவினர் 1985இல் வெளியிட்டனர்.

ஓட்டத்தைத் தூண்டுவது இருபுறத்திலும் உள்ள ஆக்சிஜனின் பகுதி அழுத்த வேறுபாடு, அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனுக்கு மட்டும் உரிய பங்கின் வேறுபாடு. ஒருபுறம் சாதாரணக் காற்றும் மறுபுறம் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனும் இருந்தால், ஆக்சிஜன் காற்றை நோக்கியே ஓடும். ஏனெனில் காற்றில் அதன் பங்கு 0.21 வளிமண்டலம்தான். காற்றைப் பத்து வளிமண்டல அழுத்தத்துக்கு ஏற்றினால் அந்தப் பங்கு 2.1 ஆகி, ஓட்டம் நாம் விரும்பும் பக்கம் திரும்புகிறது. சவ்வின் தடிமனைக் குறைத்தால் ஓட்டம் கூடும். ஆனால் ஓர் அளவுக்குக் கீழே, அயனிகள் தாவும் வேகத்தைவிட மேற்பரப்பில் மூலக்கூறு பிளக்கும் வேகமே கட்டுப்பாடாகிவிடுவதால், மேலும் மெலிதாக்குவதில் பயன் குறைவு. ஆகவே நுண்துளைத் தாங்கியின் மேல் மெல்லிய இறுகிய படலத்தை இட்டு, அதன் முகத்தில் வினையூக்கியைப் பூசுகிறார்கள்.

ஆய்வகத்தில் நன்கு ஓடும் சவ்வு ஆலையில் நிலைப்பது கடினம். ஆக்சிஜன் குறைந்த பக்கத்தில் படிகம் சற்றே விரிவதால், ஒரே தகட்டின் இரு முகங்களும் வெவ்வேறு அளவில் இழுபட்டு வெடிக்கக்கூடும். சூட்டில் வேறு விகிதத்தில் விரியும் உலோகக் குழாயோடு அதைக் கசிவின்றி இணைப்பதும் எளிதன்று. இதைவிடவும் எரிச்சலூட்டும் முரண் ஒன்று உண்டு. தூய ஆக்சிஜனில் நிலக்கரியை எரித்தால் புகையில் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மட்டுமே மிஞ்சும் என்பதால், கார்பனைச் சிறைப்பிடிக்க இச்சவ்வுகள் பெரிதும் விரும்பப்பட்டன. ஆனால் மிக வேகமாக ஆக்சிஜனைக் கடத்தும் பேரியம், ஸ்ட்ரான்சியம் மிகுந்த பொருள்களையே அந்தக் கார்பன் டை ஆக்சைடு தாக்கி, மேற்பரப்பைக் கார்பனேட் படலத்தால் மூடிவிடுகிறது. அதனால் அயனிகளைக் கடத்தும் சீரியம் ஆக்சைடையும் எலக்ட்ரான்களைக் கடத்தும் வேறோர் ஆக்சைடையும் கலந்து சுடும் இருநிலைச் சவ்வுகளை ஆய்வாளர்கள் உருவாக்குகிறார்கள். இவற்றில் ஓட்டம் குறைவு, ஆயுள் அதிகம்.