பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவாரா?

1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைக் கவனிக்கும் ஆணையம் அவர்களது சிகிச்சைப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. ஊழியர்களும் குடும்பத்தாருமாகச் சுமார் 1,35,000 பேரின் விவரங்கள் அவை. பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். யாருடைய அந்தரங்கத்துக்கும் பங்கம் வராது என்று அன்றைய ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதியும் கூறினார்.

அப்போது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி அந்த ஆளுநரின் பதிவையே தேடினார். வெல்ட் குடியிருந்தது அம்மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில். அந்நகரின் வாக்காளர் பட்டியலை ஸ்வீனி 20 டாலருக்கு வாங்கினார். பட்டியலில் பெயரோடு பிறந்த தேதி, பாலினம், ஜிப் குறியீடு (நம் ஊர் பின்கோடு போன்ற அஞ்சல் எண்) ஆகியவை இருந்தன. இதே மூன்றும் மருத்துவப் பதிவுகளிலும் நீக்கப்படாமல் இருந்தன. வெல்டின் பிறந்த தேதியில் பிறந்த வாக்காளர்கள் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய ஜிப் குறியீட்டில் ஒரே ஒருவர். ஆளுநருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பதெல்லாம் தெரிந்துவிட்டது.

வெல்ட் பிரபலமானவர், 1996-இல் பொது நிகழ்ச்சியில் மயங்கி விழுந்தது செய்தியாகவும் வந்தது, அதனால்தான் இது எளிதாயிற்று என்று பிற்பாடு விமர்சித்தவர்கள் உண்டு. அது நியாயமான விமர்சனமே. ஆனாலும் கணக்கு பெரிதாக மாறவில்லை. 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரை இந்த மூன்று விவரங்களால் தனித்துக் காட்ட முடியும் என்று ஸ்வீனி மதிப்பிட்டார். பின்னால் வேறொருவர் கணக்கிட்டபோது 63 சதவீதம் வந்தது. குறைந்த எண்ணே போதுமான அளவுக்குக் கலக்கமூட்டுகிறது.

ஏன் இப்படி? 80 ஆண்டுகளில் சுமார் 29,000 பிறந்த தேதிகள். இரண்டு பாலினம் என்றால் 58,000-க்கு மேற்பட்ட கட்டங்கள். ஒரு ஜிப் பகுதியில் 25,000 பேர் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு அவர்களை இந்தக் கட்டங்களில் பரப்பிப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்டோர் தத்தம் கட்டத்தில் தனியாகத்தான் நிற்பார்கள்.

ஆகவே ஒரு பதிவில் பெயர் இருக்கிறதா என்பதோடு, அதே மாதிரி வேறு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் 'கே-அனானிமிட்டி' (k-anonymity) என்னும் முறை. பிறந்த தேதிக்குப் பதில் ஆண்டு, முழுக் குறியீட்டுக்குப் பதில் முதல் சில இலக்கங்கள் என்று விவரத்தை மழுக்கி, ஒவ்வொருவரும் குறைந்தது ஐந்து பேர் அல்லது பத்துப் பேர் கொண்ட கூட்டத்தில் கலந்துவிடும்படி செய்வது. அமெரிக்காவின் மருத்துவத் தரவு விதிகளில் ஒரு வழி இதையொட்டியது: 18 வகை அடையாளங்களை நீக்க வேண்டும், 89 வயதைத் தாண்டியவர்களை எல்லாம் '90 அல்லது அதற்கு மேல்' என்று ஒரே தொகுதியாக்க வேண்டும். இதிலும் ஓட்டை உண்டு. ஒரே கூட்டத்தில் உள்ள ஐந்து பேருக்குமே காசநோய் என்றால், அதில் நீங்கள் யார் என்று கண்டுபிடிக்கத் தேவையே இல்லை.

நம் நாட்டுக் கள ஆய்வுகளில் சிக்கல் வேறு உருவில் வருகிறது. '38 வயது, கணவரை இழந்தவர், அங்கன்வாடிப் பணியாளர்' என்று கட்டுரையில் எழுதி ஊர் பெயரையும் போட்டுவிட்டால் போதும், அந்த ஊர்க்காரர் யாருக்கும் விளங்கிவிடும். புள்ளிவிவரத்தை விட மேற்கோள்களில்தான் இந்தக் கவனக்குறைவு அதிகம் என்பது என் எண்ணம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் மீட்கக்கூடிய அடையாள நீக்கத்தையும் மீட்க முடியாததையும் பிரித்துப் பேசுகின்றன. முதல் வகையில் பங்கேற்பாளருக்கு ஓர் எண் தரப்படும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறிடத்தில், ஓரிருவர் பொறுப்பில் பூட்டப்பட்டிருக்கும். இரண்டாவதில் அந்தப் பட்டியலே கிடையாது. கேட்டவுடன் இதுதான் மேல் என்று தோன்றும். ஆனால் ரத்த மாதிரியில் கவலைக்குரிய ஒன்று தெரியவந்தால் உரியவருக்குச் சொல்ல வழியில்லை. 'என் விவரத்தை நீக்குங்கள்' என்று அவர் வந்து கேட்டாலும், எது அவருடையது என்று ஆய்வாளருக்கே தெரியாது. அதனால் எந்தக் கட்டத்துக்குப் பிறகு விலக முடியாது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே, கையெழுத்து வாங்குமுன், எழுதியிருக்க வேண்டும்.