சொல் விளக்கம்: கிரெச் – பணியிடக் குழந்தைகள் காப்பகம்

பணியாளர்களின் குழந்தைகளை வேலை நேரத்தில் பார்த்துக்கொள்வதற்காக நிறுவன வளாகத்துக்குள்ளேயே நடத்தப்படும் இடத்தைக் ‘கிரெச்’ என்றே பெரும்பாலோர் சொல்கிறோம். அதை மூடப்போவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்பு மனு எழுத உட்கார்ந்தால் மழலையர் பள்ளி, குழந்தைகள் இல்லம், பகல்நேரக் காப்பகம் என ஒரே தாளில் மூன்று பெயர்கள் இடம்பெற்றுவிடுகின்றன. எந்தப் பெயரை எழுதுகிறோமோ அதற்கேற்ப நிர்வாகம் சொல்லக்கூடிய பதிலும் மாறும் என்பதால், இச்சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

கிரெச் என்பது பிரெஞ்சுச் சொல். அம்மொழியில் ‘கிரெஷ்’ என ஒலிக்கும். அதன் முதற்பொருள் கால்நடைகளுக்குத் தீனி வைக்கும் தொட்டி. ஜெர்மானிய மூலத்திலிருந்து பிரெஞ்சுக்குள் நுழைந்த இச்சொல்லுக்கு, ஜெர்மன் மொழியின் ‘கிரிப்பெ’யும் ஆங்கிலத்தில் தொட்டிலைக் குறிக்கும் ‘கிரிப்’பும் உறவுச் சொற்கள். பிறந்த இயேசுவைக் கிடத்திய இடமாகத் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு கூறும் ‘முன்னணை’யும் இந்தத் தீனித் தொட்டிதான். கிறிஸ்துமஸ் குடிலையும் பிரெஞ்சுக்காரர் கிரெஷ் என்றே அழைப்பர். 1844இல் ஃபிர்மேன் மார்போ என்பவர் பாரிசின் ஷையோ பகுதியில், வேலைக்குச் செல்லும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பராமரிப்பிடத்துக்கு இப்பெயர் அமைந்தது. பாலூட்டும் தாய் வேலைக்கு நடுவே வந்து பால் கொடுத்துச் செல்லும் ஏற்பாடு அங்கே இருந்தது. தாய்க்கு எட்டும் தொலைவில் குழந்தை இருக்க வேண்டும் என்ற கருத்து, இந்தப் பயன்பாடு பிறந்தபோதே அதனுள் இருந்திருக்கிறது.

தமிழுக்கு வருவோம். ‘மழலையர் பள்ளி’ இங்கே பொருந்தாது. மழலை என்பது குழந்தையின் திருந்தாத இளம்பேச்சு. ‘மக்கள் மழலைச்சொல்’ என்று திருக்குறள் (66) சொல்வதும் அதையே. அந்தப் பேச்சையும் தொடங்காத ஆறு மாதக் குழந்தைக்குப் பள்ளி எதற்கு? மனுவில் பள்ளி என்று எழுதினால், ‘அருகிலேயே நல்ல பள்ளிகள் உள்ளனவே’ என்ற பதிலுக்கு நாமே வழிவிட்டதாகும்.

‘காப்பகம்’ நல்ல சொல். காப்பு, அகம் என்ற இரண்டும் சேர்ந்தது. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டும் காப்புப் பருவமே பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது. ஆகவே இச்சொல்லுக்கும் குழந்தைக்குமான உறவு பழையது. எனினும் முதியோர் காப்பகம், ஆதரவற்றோர் காப்பகம் என்ற தொடர்களில் தொடர்ந்து புழங்கியதால், கைவிடப்பட்டவர்களின் இடம் என்ற நிழல் அதன்மீது விழுந்துவிட்டது. (புலிகளுக்கும் காப்பகம் உண்டு, அதைப் பற்றி யாரும் வருந்துவதில்லை.) அந்த நிழலைப் போக்கப் ‘பகல்நேர’ என்ற அடையைச் சிலர் சேர்க்கின்றனர். இரவுப் பணிமுறையில் வேலை செய்பவரை அந்த அடை வெளியே நிறுத்திவிடும் என்பதால் அதையும் தவிர்க்கலாம்.

எனவே ‘பணியிடக் குழந்தைகள் காப்பகம்’ என்பதே என் பரிந்துரை. மூடலை எதிர்ப்பவர்கள் விடாமல் பற்றிக்கொள்ள வேண்டிய பகுதி ‘பணியிட’ என்ற அடைதான். நான் பார்த்த ஓர் அறிவிப்பில், காப்பகத்துக்கு மாற்றாக மாதந்தோறும் பராமரிப்புப் படி வழங்கப்படும் என்றிருந்தது. கணக்குப் பார்த்தால் தொகையில் குறையில்லை. ஆனால் பதினொரு மணிக்கு இரண்டு மாடி இறங்கிவந்து, வாசலில் வரிசையாகக் கிடக்கும் விரற்கடைச் செருப்புகளைத் தாண்டி உள்ளே போய், பால் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரத்தில் இருக்கைக்குத் திரும்பிய பெண்ணுக்கு அந்தப் படி எதை ஈடுசெய்யும்? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவுடன் இரண்டு ஆண்டு வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேலைக்குப் போகும் தாய் இதைக் கடைப்பிடிப்பதற்கு அருகாமை பெரிதும் உதவுகிறது. படியாகக் கொடுக்க முடியாததும் அதுதான்.

குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பது மூடலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஒரு குடும்பத்துக்கு இவ்விடம் தேவைப்படுவது சில ஆண்டுகளுக்கே. ஒரே அலுவலகத்தில் ஓராண்டு நான்கு குழந்தைகளும் மறு ஆண்டு பதினான்கு குழந்தைகளும் இருப்பது இயல்பு. மூடிய காப்பகத்தின் அறையோ அதற்குள் பொருட்கிடங்காகியிருக்கும். நிர்வாகம் மனம் வைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கும் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அமெரிக்காவின் போர்ட்லாண்டில் கைசர் கப்பல் கட்டும் தளங்களின் நுழைவாயில்களிலேயே இரவும் பகலும் இயங்கும் இரண்டு காப்பகங்கள் திறக்கப்பட்டன. 1945இல் போர் முடிந்ததும் அவை மூடப்பட்டன. பெண்களின் உழைப்பு தேவைப்பட்டவரை மட்டுமே அவர்களின் குழந்தைகளுக்கு அங்கே இடமிருந்தது.

சிலர் ‘பணிபுரியும் மகளிர் குழந்தைகள் காப்பகம்’ என எழுதுவதுண்டு. நோக்கம் நல்லதே, ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தாயின் கடமை மட்டுமே என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்திவிடுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 156ஆம் உடன்படிக்கை (1981), குடும்பப் பொறுப்புள்ள ஆண், பெண் ஆகிய இருபாலரையும் கருத்தில்கொண்டே குழந்தைப் பராமரிப்புச் சேவைகளை வளர்க்கச் சொல்கிறது. ஆகவே மனுவில் ‘மகளிர்’ என்பதற்கு மாறாகப் ‘பணியாளர்’ என்று எழுதினால், கையொப்பமிட வேண்டியவர்களின் வரிசையில் தந்தையரும் வந்து நிற்பார்கள்.