"90 சதவீதம் சரியான டிப்ஸ்" என்று சொன்னால் என்ன கேட்பது? செபியின் 'பார்வா' விதி

பங்குச்சந்தை ஆலோசனை விற்பவர்கள் காட்டும் லாபக் கணக்கை எப்படி நம்புவது என்று கேட்கிறவர்களுக்காக இது. விதி என்னவோ ஏற்கெனவே கண்டிப்பானதுதான். பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகரோ, பங்குகளை ஆராய்ந்து பரிந்துரைக்கும் ரிசர்ச் அனலிஸ்டோ தன் பழைய லாபத்தை விளம்பரத்தில் காட்டவே கூடாது என்று 2023-ல் வந்த விளம்பர நெறிமுறை சொன்னது. ஆனால் இதில் நேர்மையாக வேலை செய்கிறவர் தன் திறமையைக் காட்ட வழியில்லாமல் போனது, பதிவே இல்லாத டெலிகிராம் ஆட்களோ ஸ்க்ரீன்ஷாட் போட்டு ஆள் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அதனால்தான் 'பார்வா' வந்தது. ரிஸ்க்கையும் வருமானத்தையும் மூன்றாவது ஆள் சரிபார்த்துச் சொல்லும் அமைப்பு இது, அப்படிச் சரிபார்த்த எண்ணை ஆலோசகர் வெளியே காட்டலாம். 2025 ஏப்ரலில் செபி சுற்றறிக்கை விட்டது, டிசம்பரில் சோதனை முறையில் தொடங்கியது. சரிபார்க்கும் வேலை கேர் ரேட்டிங்ஸ் என்ற தர மதிப்பீட்டு நிறுவனத்திடம், தரவு மையம் தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஆலோசகர் இதில் சேர்ந்த நாளிலிருந்து கொடுக்கும் பரிந்துரைகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பது. போன வருஷம் ஜெயித்ததைப் பொறுக்கியெடுத்துக் கொண்டுவந்து முத்திரை வாங்க முடியாது. தோற்றதை ஒளிக்கவும் முடியாது.

இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒருவர் 10 பங்கு சொல்கிறார், ஒவ்வொன்றிலும் சமமாக 20,000 ரூபாய் போடுகிறீர்கள். மூன்று 40 சதவீதம் ஏறுகிறது, ஏழு 12 சதவீதம் இறங்குகிறது. அவர் அந்த மூன்றை மட்டும் காட்டுவார். மொத்தத்தில் உங்களுக்குக் கிடைத்தது 24,000 லாபம், 16,800 நஷ்டம், ஆக 2 லட்சத்துக்கு 7,200 ரூபாய். அவருடைய கட்டணம் 12,000 என்றால் கையிலிருந்து 4,800 போயிருக்கிறது, இன்னும் புரோக்கரேஜே சேர்க்கவில்லை.

அப்புறம், எதோடு ஒப்பிடுவது? 50 பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 50-ஐ வைத்து ஒப்பிடும்போது டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டைத்தான் எடுக்க வேண்டும், மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு 2018 பிப்ரவரியிலிருந்தே செபி அப்படித்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. சின்ன கம்பெனிப் பங்குகளையே பரிந்துரைக்கிறவரை நிஃப்டி 50-ஓடு ஒப்பிடுவதும் நியாயமில்லை, அவருக்கு ஸ்மால்கேப் குறியீடுதான் சரியான அளவு. கூடவே, அவர் பரிந்துரையில் போட்ட பணம் நடுவில் எவ்வளவு ஆழமாக விழுந்தது என்றும் கேளுங்கள். பாதியாகக் குறைந்த பணம் பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும்.

ஆலோசகர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவர் சொன்ன விலையில் வாங்காமல் பத்து நாள் கழித்து வாங்கிவிட்டு, பாதியில் பயந்து விற்றுவிட்டு, அந்த நஷ்டத்தை அவர் தலையில் கட்டக்கூடாது. உங்கள் பணம் போன தேதி, வந்த தேதியை வைத்து எக்ஸெலில் எக்ஸ்ஐஆர்ஆர் (தேதிகளையும் கணக்கில் எடுத்து வருடாந்திர வருமான சதவீதம் சொல்லும் சூத்திரம்) போட்டால் உங்கள் வருமானம் தெரியும். பரிந்துரை சொன்ன தேதி, சொன்ன விலை, வெளியேறச் சொன்ன விலை ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டால் அவருடைய திறமை தெரியும். இரண்டும் வேறு வேறு எண்கள், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பார்வாவில் சேருவது கட்டாயமில்லை, ஆகவே எல்லோரிடமும் அப்படிச் சரிபார்த்த எண் இருக்காது. இடைக்கால ஏற்பாடாக, நீங்கள் தனியாகக் கேட்டால் ஆடிட்டர் சான்றளித்த பழைய கணக்கை ஆலோசகர் உங்களுக்கு மட்டும் தரலாம் என்று 2025 அக்டோபரில் செபி அனுமதித்தது. அதை அவர் பொதுவில் போட்டு விளம்பரம் செய்ய முடியாது.

இதெல்லாம் பதிவு பெற்றவர்களுக்குத்தான். ஆலோசகரின் பதிவு எண் ஐஎன்ஏ என்றும், அனலிஸ்டின் எண் ஐஎன்எச் என்றும் தொடங்கும், செபி தளத்தில் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்றவர் பொய்க் கணக்கு காட்டினால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் பணம் கட்டிய ரசீதையும் அதற்காகவே எடுத்து வைத்திருங்கள்.