ஆற்றில் கிடைத்த உலோகம்: தராசிடம் கேளுங்கள்

ஆற்றில் கிடைத்த ஏதோ ஓர் உலோகப் பொருளைப் படமெடுத்து "இது என்ன?" என்று கேட்பவர்கள் நீளம் சொல்வார்கள், அகலம் சொல்வார்கள், அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயத்தையும் வைப்பார்கள். எடையையும் கனஅளவையும் மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்த இரண்டும் தெரிந்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பொருள் உருளையாக, ஒரு முனை கூம்பி இருக்கிறதா? வால்பக்கம் தகட்டு இறகுகளோ, அடிப்பக்கம் சுற்றிலும் ஒரு செம்பு வளையமோ தெரிகிறதா? தொட வேண்டாம். தண்ணீரில் எத்தனை காலம் கிடந்தாலும் வெடிமருந்து செயலிழந்துவிடும் என்று நம்ப முடியாது. இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி, காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது காந்தம். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு அல்லது எஃகு. ஒட்டாவிட்டால் செம்பு, பித்தளை, வெண்கலம், ஈயம், வெள்ளி, அலுமினியம் என்று பட்டியல் நீளும். துருப்பிடிக்காத எஃகில் பல வகைகளும் ஒட்டாது. முழுக்கத் துருவாகிப்போன இரும்பு லேசாகத்தான் இழுபடும்.

இப்போது தராசு. சமையலறை மின்னணுத் தராசே போதும். பொருளை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பொத்தானை அழுத்திச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பொருளை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் பொருளின் கனஅளவு, கன சென்டிமீட்டரில்.

பொருளின் எடையை நூல் தாங்கிக்கொண்டிருக்கிறது. பின்னே தராசு எதை நிறுக்கிறது? தண்ணீர் பொருளை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை, பொருள் ஒதுக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம் என்பது ஆர்க்கிமிடீஸ். தண்ணீர் பொருளைத் தள்ளினால் பொருளும் தண்ணீரை அதே அளவு கீழே தள்ளியாக வேண்டும் என்பது நியூட்டன். அந்தக் கீழ்நோக்கிய தள்ளல்தான் தராசில் இறங்குகிறது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம் என்பதால், கிராம் அப்படியே கனஅளவாகிவிடுகிறது. உள்ளே தொங்குவது ஈயமா, அலுமினியமா என்பது தராசுக்குத் தெரியாது. ஒரே அளவாக இருந்தால் ஒரே எண்தான். அடியைத் தொட்ட கணமே எண் எகிறும், நூல் தாங்கிய எடையில் ஒரு பங்கு தராசுக்கு வந்துவிடுவதால்.

எடையைக் கனஅளவால் வகுத்தால் அடர்த்தி, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. எடை 428 கிராம், மூழ்கியபோது தராசு காட்டியது 50 கிராம் என்றால் 8.56: பித்தளையாக இருக்கலாம். அலுமினியம் 2.7, துத்தநாகம் 7.1, எஃகு 7.85, செம்பு 8.96, வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3. வார்ப்பிரும்பு 7.2 வாக்கில் நிற்கும். எதையோ காட்டி 'அபூர்வ சக்தியுள்ள இரிடியம்' என்று விற்க வருபவரிடமும் இதே பாத்திரத்தை நீட்டலாம். இரிடியத்துக்கு 22.5 வர வேண்டும், வராது.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் காற்றுக்குமிழியால். குழிகளில் காற்று தங்கினால் கனஅளவு கூடி, அடர்த்தி குறைந்து தெரியும். நீருக்குள்ளேயே திருப்பி ஆட்டிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். பொருள் சிறியதென்றால் தராசின் நுணுக்கம் போதாது: 4 கன சென்டிமீட்டர் பொருளில் அரை கிராம் பிழையே 12.5 சதவீதம். அதற்கு 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். துரு உலோகத்தைவிட லேசானது. காந்தத்தில் ஒட்டி, அடர்த்தி 5 என்று வந்தால், அது துருவேறிய இரும்பு என்றே கொள்ளலாம். பித்தளையையும் வெண்கலத்தையும் அடர்த்தியால் மட்டும் உறுதியாகப் பிரிக்க முடியாது.

தேய்த்துச் சுத்தம் செய்யும் ஆசையை அடக்குங்கள். எலுமிச்சையும் கம்பி பிரஷும் துப்பையே அழித்துவிடும். காற்றுப் புகாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் வெளியிடும் சல்பைடு செம்பைக் கறுப்பாக்கும், பச்சைக் களிம்பு பிடிக்கவிடாது. இரும்பின் மேல் நீலப் பொடி தெரிந்தால் அது விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட்டாக இருக்கலாம். சேற்றுக்குள் நிறமற்றுக் கிடந்து, வெளியே காற்றுப் பட்டதும் நீலமாகும் விந்தைக் கனிமம்! பழங்கால இரும்பு என்று சந்தேகம் வந்தால், காயவிடாமல் சுத்தமான நீரில் மூழ்கவைத்து மூடி, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். காய்ந்தால் வெடித்து உதிரும்.

வயதுக்கும் தடயங்கள் உண்டு. அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறை 1886இல்தான் வந்தது. ஆற்றில் கிடைத்த சாதாரண அலுமினியத் துண்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. திருகாணி மரைகளின் கோணம் 55 பாகை என்றால், 1841இல் ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் முன்வைத்த அளவீட்டின் வழிவந்தது என்று எண்ணலாம். மெட்ரிக் மரைக்கு 60 பாகை.

இதற்கு மேல் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி. எக்ஸ்ரேயைப் பாய்ச்சி அணுவின் உள் எலக்ட்ரானைத் தட்டிவிட்டு, அந்த இடம் நிரம்பும்போது வரும் எக்ஸ்ரேயைக் கொண்டு தனிமத்தை அடையாளம் காணும். ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டுமே. நெடுநாள் புதைந்த வெண்கலத்தின் மேற்பரப்பில் செம்பு கரைந்து போய் வெள்ளீயம் மிஞ்சியிருக்கும். கருவி காட்டும் வெள்ளீய விகிதம் உள்ளே இருப்பதைவிட மிக அதிகமாக வரும். இந்தக் கருவிக்கு நிதி கேட்கும் சிறு அருங்காட்சியகங்கள், கிடைத்த இரும்பைக் காயாமல் காக்கத் தெரிந்த ஓர் ஆளை முதலில் வேலைக்கு வைக்கலாம் என்பது என் கட்சி.