நிப்பாட்டிய பிறகும் மின்னும் பல்ப்: ஸ்மார்ட் சுவிட்ச் வாங்குமுன் சுவருக்குள் பாருங்கள்

மல்லாவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "லண்டனிலை இருக்கிற மகன் இரண்டு ஸ்மார்ட் சுவிட்ச் அனுப்பினவர். போனிலையே லைற்றைப் போடலாம், நிப்பாட்டலாம். ஆனால் நிப்பாட்டின பிறகும் அறைக்குள்ளை பல்ப் விட்டு விட்டு மின்னுது. மாமி அது பின்வளவுப் புளியமரத்து முனிதான் எண்டு பயப்பிடுறா. மற்ற அறைகளுக்கும் மலிவாய் வாங்க நினைக்கிறன். எதை வாங்கிறது?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: சுவிட்ச் பெட்டிக்குள் எத்தனை கம்பி வந்திருக்கிறது என்பதில்.

சாதாரண தரத்தில் படித்ததுதான். உயிர்க்கம்பி, நொதுமல் (நியூட்ரல்) கம்பி, இரண்டுக்கும் இடையே 230 வோல்ற்று. பழைய சுவிட்ச் உயிர்க்கம்பியில் விழுந்த ஒரு வெட்டு. மூடினால் எரியும், திறந்தால் அணையும். அதற்கு இரண்டு கம்பி போதும். ஒன்று உயிர்க்கம்பி, மற்றது பல்புக்குத் திரும்பிப் போகும் கம்பி. நொதுமல் மேலேயே பல்புக்குப் போய்விடும். அதைச் சுவிட்ச் பெட்டிவரை இறக்குவது வீண் வயர் செலவு என்று வயரிங் செய்பவர்கள் விட்டுவிடுவார்கள். 2009க்குப் பிறகு வன்னியில் எழும்பிய வீடுகளிலும் நான் பார்த்தவரை பெரும்பாலும் இதே முறைதான்.

ஸ்மார்ட் சுவிட்சுக்குள் ஒரு வானொலிச் சிப்பும், அது சொன்னபடி மூடித் திறக்கும் ஒரு ரிலேயும் இருக்கின்றன. போனிலிருந்து கட்டளை எப்போது வரும் என்று அந்தச் சிப் இரவு பகலாகக் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். விளக்கு அணைந்திருந்தாலும் அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் ஓட முழுச் சுற்று வேண்டும். நொதுமல் இல்லாத பெட்டியில் அந்தச் சுற்றை எப்படி முடிப்பது? இந்த இடத்தில்தான் எனக்கு மிகப் பிடித்த வேலை நடக்கிறது.

நொதுமல் தேவைப்படாத வகைச் சுவிட்ச், விளக்கு அணைந்திருக்கும்போது பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்டை ஓடவிட்டு உயிர் வாழ்கிறது. 0.1 மில்லிஅம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பழைய 60 வாற் இழைக் குமிழுக்கு இது பொருட்டே இல்லை. குளிர்ந்த இழையின் தடை 100 ஓமுக்கும் குறைவு, ஆகவே குமிழுக்குக் குறுக்கே விழுவது நூறில் ஒரு பங்கு வோல்ற்றுகூட இல்லை.

விளக்கு எரியும்போது சிக்கல் வேறு விதம். சுவிட்ச் மூடியபின் அதன் இரு முனைக்கும் இடையே வோல்ற்றளவே இராது, எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதனால் நல்ல சுவிட்சுகள் ஒரு தந்திரம் செய்கின்றன. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 100 அரைச்சுற்று. ஒவ்வோர் அரைச்சுற்றின் தொடக்கத்திலும் சுவிட்ச் ஒரு கணம் தாமதித்து மூடுகிறது. அந்தக் கணத்தில் எழும் சில வோல்ற்றைத் தனக்குள் இருக்கும் கொள்ளளவியில் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்பு) பிடித்து வைத்துக்கொண்டு, மிச்சம் முழுவதையும் பல்புக்கு விட்டுவிடுகிறது. 230இல் சில வோல்ற்று குறைந்ததைக் கண்ணால் காண முடியாது. பெட்டியில் 'குறைந்தபட்சச் சுமை இத்தனை வாற்' என்று போட்டிருப்பது இதற்காகத்தான். மிகச் சிறிய பல்ப் இழுக்கும் கரண்ட் இந்த வேலைக்குப் போதாது.

இனி முனிக்கு வருவோம். எல்ஈடி பல்பின் அடியில், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் ஒரு சீராக்கியும் ஒரு கொள்ளளவியும் இருக்கின்றன. கசியும் கரண்ட் நேரே எல்ஈடிக்குப் போகாமல் இந்தக் கொள்ளளவியில் சேர்கிறது. 4.7 மைக்ரோபரட் கொள்ளளவி என்று எடுத்தால், 0.1 மில்லிஅம்பியரில் அது 100 வோல்ற்றுக்கு ஏற ஏறக்குறைய 5 விநாடி ஆகும். அந்த அளவை எட்டியதும் பல்பின் சுற்று 'மின்சாரம் வந்துவிட்டது' என்று விழித்து, சேர்ந்ததை எல்லாம் எல்ஈடிக்குள் கொட்டுகிறது. ஒரு பளிச். கொள்ளளவி காலியாகிறது, திரும்ப நிரம்பத் தொடங்குகிறது. இரணைமடுவில் நீர் மட்டம் மெல்ல ஏறி, அளவு வந்ததும் வான்கதவைத் திறந்துவிடுவது போலத்தான். பல்ப் மாற்றினால் மின்னும் இடைவெளியும் மாறும், ஏனென்றால் கொள்ளளவியின் பருமனும் விழிக்கும் அளவும் பல்புக்குப் பல்ப் வேறு.

சாதாரண சுவிட்ச் பூட்டிய வீட்டிலும் சிலவேளை இது நடக்கும். அருகருகே நீளமாக ஓடும் இரண்டு கம்பிகள் தாமே ஒரு சின்னக் கொள்ளளவிதான். மீற்றருக்குச் சுமார் 100 பிகோபரட் என்று எடுத்தால், 10 மீற்றர் வயரில் கிட்டத்தட்ட 0.07 மில்லிஅம்பியர் கசியும். சில பல்புகளை விழிக்கவைக்க அதுவே போதும். யாரும் தொடாத சுவரில், யாரும் நினைக்காத ஒரு கொள்ளளவி இருந்து பல்பை மின்ன வைக்கிறது. இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

வைத்தியம் சுலபம். பல்புக்குச் சமாந்தரமாக 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் பூட்டினால், 50 ஹேர்ட்ஸில் அதன் தடுப்பு சுமார் 32,000 ஓம். கசியும் கரண்ட் அதன் வழியே போய்விடும்; பல்புக்குக் குறுக்கே நிற்பது 3 வோல்ற்று மட்டில். அதில் எந்தப் பல்பும் விழிக்காது. நொதுமல் தேவைப்படாத பல சுவிட்சுகளின் பெட்டியிலேயே இரண்டு வயர் நீட்டிய சின்னத் துண்டாக இதை வைத்து அனுப்புகிறார்கள். என்னவென்று தெரியாமல் பலர் எறிந்துவிடுகிறார்கள். கடையில் வாங்கினால் மேலே எக்ஸ்2 (X2) என்று அச்சிட்டதைத்தான் வாங்க வேண்டும். மின்வழங்கலுக்குக் குறுக்கே எந்நேரமும் நிற்பதற்கென்று செய்த வகை அது. ரேடியோவில் கழற்றிய எதையாவது போட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம். பூட்டவேண்டியது பல்பு முனையில், சுவிட்ச் முனையில் அல்ல. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தொழில் தெரிந்தவரைக்கொண்டு செய்யுங்கள்.

மாமியின் பயத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. இருட்டில் தானாக மின்னும் விளக்கு யாரையும் உலுக்கும். ஆனால் வளவுக்குக் காவல் பண்ணக் காசு கொடுக்குமுன், பல்பைக் கழற்றி வேறு பல்ப் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதை எங்களைவிட உடம்பால் அறிந்தவர்கள் யார்? கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரு பொறியியல் பீடம் இருக்கிறது. நம் வயரிங்குக்கும், நம் இடி மின்னலுக்கும், அடிக்கடி போய்வரும் கரண்டுக்கும் ஏற்ற சுவிட்ச் ஒன்றை மாணவர்கள் செய்து, வீடுகளில் பூட்டிச் சோதிக்க நிதி ஒதுக்கினால் அது வீண்போகாது. பெரிய ஆய்வுகளுக்குப் பணம் கேட்பவர்கள் இதையும் கேட்க வேண்டும்.

சரி, வாங்கும் விஷயம். முதலில் ஒரு சுவிட்சைக் கழற்றி நொதுமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் நொதுமல் கேட்கும் வைபை சுவிட்சே மலிவு, தொல்லையும் இல்லை. இல்லாவிட்டால், சுவிட்சை மாற்றாமல், நொதுமல் இருக்கும் பல்பு முனையிலேயே ஒரு சின்ன ரிலே மொடியூலைப் பூட்டலாம். உயிர்க்கம்பியும் அங்கே கிடைக்க வேண்டும். குறைந்த செலவில் ஆக நல்ல வழி இதுதான் என்பது என் கருத்து, பழைய சுவிட்சும் கைக்கு வேலை செய்யும். அப்புறம்தான் நொதுமல் தேவைப்படாத வகை. அதில் சிக்பீ (Zigbee) என்ற இன்னொரு கம்பியில்லா வகை வைபையைவிடக் குறைவாகவே கரண்ட் குடிப்பதால் பல்ப் மின்னும் தொல்லை குறைவு. ஆனால் அதற்குச் சுவிட்சையும் போனையும் இணைக்கும் ஹப் என்ற பெட்டி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும், இரண்டு அறைக்காக அது கட்டாது.

லண்டனிலிருந்து வரும் சதுரச் சுவிட்ச் நம் சுவர்ப்பெட்டிக்குப் பெரும்பாலும் பொருந்தும். கனடாவிலிருந்து அனுப்பினால் அது 120 வோல்ற்றுக்கு, நீள்சதுரப் பெட்டிக்குச் செய்தது. வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கரண்ட் போய் வந்தபின் சுவிட்ச் அணைந்த நிலையில் இருக்கும்படி செயலியில் அமைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் நடுச்சாமத்தில் கரண்ட் வரும்போது வீடு முழுக்க லைற் எரியலாம்.

மின்கட்டணம் குறையும் என்று வாங்காதீர்கள். சும்மா இருக்கும்போது அரை வாற் குடிக்கும் ஒரு சுவிட்ச் வருடத்துக்கு 4 அலகுக்கு மேல் எடுக்கும். தினமும் 4 மணி நேரம் எரியும் 7 வாற் பல்ப் எடுப்பதே வருடத்துக்கு 10 அலகு மட்டில். நடக்க முடியாத முதியவர் கட்டிலில் இருந்தபடி லைற் போட வேண்டும், இருட்டு வளவுக்குள் இறங்குமுன் வெளிவிளக்கு எரிய வேண்டும் என்றால் வாங்குங்கள். அதற்குக் கொடுக்கும் காசு தகும்.

நொதுமல் இல்லை என்று புவிக்கம்பியை நொதுமலாகப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் விடாதீர்கள். புவிக்கம்பி எங்காவது அறுந்தால் மின்னழுத்தியின் (அயன்) உலோக உடலில்கூடக் கரண்ட் ஏறி நிற்கும். பக்கத்துப் பிளக்கின் நொதுமலைக் கடன் வாங்குவதும் ஆபத்து, அது வேறு சுற்றைச் சேர்ந்ததாக இருக்கலாம். கிணற்று மோட்டரை இந்தச் சுவிட்சுகளில் கொடுக்கவே வேண்டாம். மோட்டர் கிளம்பும்போது ஓடும்போதையைவிடப் பலமடங்கு கரண்டை இழுக்கும், ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் போனில் எத்தனை தரம் அழுத்தினாலும் மோட்டர் நிற்காது. அதற்குக் கொன்ராக்ரர் ஒன்றை, அதாவது பெரிய கரண்டைத் தாங்கும் ரிலேயை, இடையில் போடச் சொல்லுங்கள்.